கட்லா கடிக்காத கோடை

கோடையில் கட்லா தூண்டிலில் கடிக்காது. பவானிசாகர் அணைப் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் வற்றிச் சூடேறினால் அது ஆழத்தைத் தேடிப் போய் அசையாமல் கிடக்கும். ரோகுவும் அப்படியே. ஜிலேபிக் கெண்டை ஒன்றுதான் எந்த வெயிலுக்கும் அசராது; எதைப் போட்டாலும் ஓடி வந்து கடிக்கும். என் மாமனாருக்கோ ஜிலேபி ஆகாது. அகப்பட்ட ஜிலேபியை எல்லாம் முள்ளிலிருந்து கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, கடிக்காத கட்லாவுக்காகப் பொழுது சாயும் வரை பரிசலில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்க, நான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு மீன் பிடிப்பதில் துளியும் ஆசை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் போர்த்திக்கொண்டு தூங்க நினைக்கிற ஆள் நான்.

பிறகு ஏன் போனேன் என்றால், அவர் கூப்பிட்டார், நான் போனேன். வீட்டோட மாப்பிள்ளைக்கு வேறு பதில் கிடையாது.

எங்கள் ஊர் அவிநாசிக்குத் தெற்கே. கிணறு இருந்தது, அதில் தண்ணீர்தான் இல்லை. மூன்று பையன்களில் நான் நடு. டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது கோயமுத்தூரில் இருந்து ஜாதகம் வந்தது. ஒரே பெண். பீளமேட்டுப் பக்கம் சொந்த வீடு, வீட்டுக்குப் பின்னாலேயே மோட்டார் பம்பு செய்கிற ஒர்க்ஷாப். நிச்சயத்தன்று மாமியார் என் அம்மாவிடம், "கொஞ்ச நாளைக்கு இங்கயே இருக்கட்டுமுங்க, தொழில் பழகிக்கட்டும்" என்றார். அம்மாவும் தலையாட்டினாள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எனக்கு அது நான்காவது வருஷம்.

எனக்கு அங்கே யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் தொல்லையே. யாராவது ஒருநாள் ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம். எனக்கு முன்னால் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். நான் சட்டைப் பையில் கைவிடுவதற்குள் தீபாவளிச் சட்டை வந்துவிடும், அதன் நிறத்தை மாமியார் முடிவு செய்திருப்பார். ஒர்க்ஷாப்பில் என்னைச் 'சின்ன மொதலாளி' என்றார்கள். எந்த இரும்பு வார்ப்பை எங்கே வாங்குவது என்று அந்தச் சின்ன முதலாளியை யாரும் கேட்டதில்லை. ஊருக்குப் போனால் கூட்டாளிகள், "ஏண்டா, தங்கக் கூண்டுல தீனியெல்லாம் பலமா?" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். திரும்பி வரும் பஸ்ஸில் எரிச்சல் எரிச்சலாக வரும்.

அந்த வீட்டில் இன்னொரு வழக்கம் இருந்தது. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் இன்றும் பார்க்கலாம். மாமனாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். மரியாதை. நடுவில் ஒரு ஆள் வேண்டும். நான் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே மாமனார், "அம்மணி, மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்பார். என் மனைவி என்னைப் பார்ப்பாள். "மாமாகிட்டப் போதும்னு சொல்லு" என்பேன் நான். "போதுமாமுங்கப்பா" என்பாள் அவள். தோசை வந்துவிடும். நான்கு வருஷத்தில் நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எவ்வளவோ பேசியிருக்கிறோம். வீட்டுக்குள் நேராக ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை.

இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரு பரிசலுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பாருங்கள். நடுவில் கேட்டுச் சொல்ல ஆளில்லை. அவர் தூண்டில் மூங்கிலைப் பார்த்து, "இன்னைக்கு வெயில் நெம்ப" என்பார். நான் தக்கையைப் பார்த்து, "ஆமாங்க" என்பேன். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பேச்சிருக்காது.

அந்தப் பரிசலைப் பற்றியும் சொல்லவேண்டும். உலகத்தில் எல்லோரும் மூங்கிலில் முடைந்து தோலோ தார்ப்பாயோ போர்த்திப் பரிசல் செய்வார்கள். கோயமுத்தூர் ஒர்க்ஷாப்காரர் அதை எப்படி வெளியே காசு கொடுத்து வாங்குவார்? தகட்டை உருட்டி, வெல்டிங் வைத்து, இரும்பிலேயே ஒன்று செய்துவிட்டார். மிதந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சித்திரை வெயிலில் அது தோசைக்கல். அடியில் நனைத்த சாக்கைப் போட்டு அதன்மேல் உட்காருவோம். சாக்குக் காய்ந்ததும் மறுபடி தண்ணீர் மொண்டு ஊற்றுவோம். விளிம்பில் தெரியாமல் கை வைத்தால் கொப்புளம்தான். ஜீப்பின் மேல் அதைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு புளியம்பட்டி வழியாகப் போகும்போது டீக்கடையில் இருப்பவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்ப்பார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அணையில் மீன் குத்தகை எடுத்திருந்தவருக்கு மாமனாரிடம் மோட்டார் வாங்கிய பழக்கம். அதனால் எங்களை யாரும் தடுக்கவில்லை. அவரும் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார்: "ஏனுங்க, இந்தக் கோடையில கட்லாவுக்கு ஒக்காந்து என்னுங்க பிரயோசனம்? ஐப்பசி கார்த்திகைல வாங்க, கை வலிக்க வலிக்க இழுக்கலாம்." மாமனார், "செரிங்க" என்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் கோடைக்குள்ளேயே போய் நிற்பார். ஐப்பசி வந்தால் பரிசல் ஒர்க்ஷாப் மூலையில் கவிழ்ந்து கிடக்கும். அந்தப் பக்கமே போக மாட்டார். நான் அவரைக் கொஞ்சம் மரை கழன்ற மனிதர் என்றே நினைத்திருந்தேன்.

நான் சொல்லவந்த கோடையில் எனக்கு ஒரு வழி திறந்தது. கூடப் படித்தவன் ஒருவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தான். அங்கே சூப்பர்வைசர் வேலை காலியிருக்கிறது, உனக்குச் சொல்லிவைத்திருக்கிறேன் என்று போன் செய்தான். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டில் கூட்டாளி ஒருவனைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தேன். வேலை கிடைத்துவிட்டது. கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஓட்டு வீடு ஒன்றும் பார்த்துவைத்தேன். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, வாசலில் ஒரு முருங்கை. அந்த வீட்டுத் தரையில் நின்றபோது என் கால் முதல் தடவையாகத் தரையில் படுவதுபோல் இருந்தது. என்ன நிறத்தில் சட்டை வாங்குவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் தலையணை உறையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்களே அப்பாகிட்டச் சொல்லீருங்க. அவரு செரின்னாருன்னா எனக்கும் செரிதானுங்க" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். அவள் என் பக்கம், இனி பாக்கி மாமனார் ஒருவர்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

அவரிடம் எப்படிச் சொல்வது? அவள் மூலமாகச் சொல்லும் விஷயமா இது? மாமியாரிடம் போனால் ஊரைக் கூட்டிவிடுவார். பரிசலை விட்டால் வேறு இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டார், நானும் தவறாமல் போனேன். தண்ணீருக்குள் போனதும் வாய்க்குள் வார்த்தையை உருட்டிக்கொண்டே இருப்பேன். "மாமா" என்று ஆரம்பித்தால், "கம்முனு இருங்க, கட்லா வராப்பல இருக்குது" என்பார். கட்லாவாவது, வருவதாவது. தக்கை ஆடியது ஜிலேபியால் என்று எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? இன்னொரு தடவை தொண்டையைச் செருமினேன். உடனே தவிடும் கடலைப் புண்ணாக்கும் வாழைப்பழமும் பிசைந்த இரை உருண்டையை என் கையில் திணித்து, "இதை இன்னும் கொஞ்சம் பெசைங்க" என்றார். பிசைந்தேன். மென்று முழுங்கிக்கொண்டே ஒவ்வொரு வாரமும் வீடு திரும்பினேன். ஓசூரில் இருந்து, திங்கட்கிழமைக்குள் முடிவைச் சொல், இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்று தகவல் வந்தது.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறும் அணைக்குப் போனோம். தண்ணீர் அநியாயத்துக்கு உள்வாங்கியிருந்தது. அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள் எல்லாம் வெளியே வந்து கறுப்பாக நின்றன. சுற்றிலும் சேறு. மேலே வெடித்துக் காய்ந்திருப்பதுபோல் தெரியும், காலை வைத்தால் இடுப்பு வரை இழுத்துக்கொள்ளும். ஒரே ஒரு இடத்தில்தான் பாறை தண்ணீர் வரை இறங்கியது. அங்கேதான் ஜீப்பை நிறுத்தினோம், அங்கிருந்துதான் பரிசலைத் தள்ளினோம்.

அன்று ஜிலேபிகூட அவ்வளவாகக் கடிக்கவில்லை. உச்சி வெயிலில் கட்டுச்சோற்றைத் தின்றோம். சாக்குக்குத் தண்ணீர் ஊற்றினோம். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை. சொல்லத் துணியும்போதெல்லாம் அவர் எதையாவது நீட்டினார்: வெற்றிலை, தண்ணீர்ப் புட்டி, ஈயக் குண்டு. வெயில் தாழ்ந்ததும், "செரிங்க, கெளம்பலாம்" என்று துடுப்பை எடுத்தார். என் ஓசூர் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

கரையைப் பார்த்துத் திரும்பினால், ஜீப்பைச் சுற்றி யானைகள்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பதெல்லாம் கோயில் யானைக்கு. இவை சத்தியமங்கலத்துக் காட்டு யானைகள், ஒரு சருகுச் சத்தமும் இல்லாமல் தண்ணீருக்கு வந்திருந்தன. குட்டிகளோடு ஒரு கூட்டம். ஒன்று ஜீப்பின் மேல் துதிக்கையை வைத்து முகர்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கு இறங்க அந்தப் பாறையை விட்டால் இடமில்லை, மற்ற பக்கமெல்லாம் சேறு. மாமனார் ஒரு மரக்கட்டையைப் பிடித்துப் பரிசலை அதில் கட்டினார். துடுப்பைச் சத்தமில்லாமல் உள்ளே வைத்தார். இரும்பில் ஏதாவது பட்டால் கணகணவென்று கேட்கும், அதனால் நாங்கள் காலைக்கூட நகர்த்தவில்லை. முன்னே போகவும் முடியாது, பின்னே போகவும் முடியாது. நான்கு வருஷமாக நான் இருந்த நிலைமையை யாரோ அரங்கேற்றிக் காட்டியது போல இருந்தது.

பேசினால் காதோடு காதாகத்தான் பேச வேண்டும். அதற்கு முகத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். நான் கொண்டுபோனேன். இத்தனை கிட்டத்தில் அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன். புருவத்தில் தவிடு ஒட்டியிருந்தது.

"மாமா, எனக்கு ஓசூர்ல ஒரு வேலை வந்திருக்குதுங்க."

அவர் யானைகளிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியுமுங்க."

"தெரியுமா?"

"தெரியும். கேட்டுருவீங்களோன்னு பயந்துட்டுத்தானுங்க இந்தக் கோடை பூராவும் கட்லா கட்லான்னு உங்க வாயை அடைச்சுட்டு இருந்தேன்."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாக இருந்தது. பரவாயில்லை, நான் போய்விட்டால் கஷ்டப்படுவார்போல என்று நினைத்து, "ஒர்க்ஷாப்புக்கு வேணா வாராவாரம் வந்து பாத்துக்கறனுங்க" என்றேன்.

"ஒர்க்ஷாப்பு கெடக்குதுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மணி எங்கிட்ட வந்து அழுதுச்சுங்க. எனக்கு ஓசூரெல்லாம் வேண்டாம், அம்மாவை உட்டுட்டு என்னால இருக்க முடியாது, அவரு உங்ககிட்ட வந்து கேப்பாரு, நீங்களே வேண்டாம்னு சொல்லிப்போடுங்கப்பா, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லீராதீங்கன்னு. நானும் செரி கண்ணுன்னு சொல்லிப்போட்டேன்."

அவர் அதே சன்னக் குரலில் தொடர்ந்தார். "நீங்க கேட்டீங்கன்னா நான் வேண்டாம்னு சொல்லோணும். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரலீங்க மாப்ளே. நானும் அந்த ஊட்டுக்கு வந்தவன்தானுங்களே."

ஹாலில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படம் மாமியாருடைய அப்பா என்பது எனக்குத் தெரியும். ஒர்க்ஷாப் போர்டில் இருப்பதும் அவர் பெயர்தான். தினமும் பார்த்ததுதான். இவரும் என்னைப்போல் பெட்டியோடு அந்த வாசலில் வந்து நின்ற ஒரு மாப்பிள்ளை என்று மட்டும் நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இவர்தான் கூண்டுக்காரர் என்று நினைத்தே நான்கு வருஷம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

"எங்க மாமனார்கிட்ட நானும் ஒருக்கா கேக்கலாம்னு இருந்தனுங்க. ஈரோட்டுல தனியா ஒரு லேத்துப் போட்டுக்கறேன்னு. இன்னைக்குக் கேக்கலாம், நாளைக்குக் கேக்கலாம்னு தள்ளீட்டே வந்தேன். ஒரு நா காத்தால அவரு எந்திரிக்கவே இல்லீங்க. அப்பறம் யாருகிட்டப் போய்க் கேக்கறது? இருந்துட்டேன். எதுக்கு இருந்தேன்னு இன்னைக்கும் எனக்குப் புடிபடலீங்க."

அந்த நேரத்தில் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன். "ஐப்பசியில வந்தா கட்லா கடிக்கும்னு சொன்னாங்களே, மாமா. அப்ப ஏனுங்க வாரதில்ல?"

"கடிச்சுப்போட்டா நேரத்துலயே ஊட்டுக்குப் போகோணுமுங்களே" என்றார்.

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பரிசல் ஆடியது. எனக்கும் பற்றிக்கொண்டது. பெரிய யானை ஒன்று காதை விரித்து எங்களைப் பார்த்ததும் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதில் எவ்வளவு சிரிப்பு என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது.

"நீங்க போங்க மாப்ளே" என்றார் கடைசியில். "அம்மணி நாலு நாளைக்கு அழுகும். நான் பேசிக்கறேன். நீங்களாச்சும் போங்க."

யானைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறிப் போயின. நாங்கள் இறங்கிப் பரிசலை ஜீப்பில் ஏற்றினோம். அவ்வளவு பேசிய பிறகும் வழியில் பேச்சில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் உள்ளே பார்த்து, "அம்மணி, மாப்பிள்ளைக்குத் தண்ணி குடு" என்று குரல் கொடுத்துவிட்டு நேராகப் போய்விட்டார். ஒன்றுமே நடக்கவில்லை என்பது போல.

நான் பின்பக்கம் போய்க் குழாயடியில் கால் கழுவினேன். மனைவி சொம்போடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, சொல்லீட்டீங்களா?"

"சொன்னேன்."

"அப்பா என்ன சொன்னாருங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். சொம்பை மட்டும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் வேண்டுமென்றே உண்மையைச் சொன்னேன். அவள் அழட்டும், கத்தட்டும், எனக்கு ஓசூர் வேண்டாம் என்று என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லட்டும் என்று எனக்கு வீம்பு.

"போகச் சொல்லிட்டாரு" என்றேன்.

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். குனிந்து குழாயை மூடினாள். மூடிய குழாயை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். நிமிர்ந்தபோது சிரித்த முகமாக இருந்தாள். "அப்பறம் என்னுங்க, நல்லதுதானுங்களே. என்னைக்குங்க கெளம்பறது?" என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. காலையில் இதைக் கேட்டிருந்தால் அப்படியே நம்பியிருப்பேன். நான்கு வருஷத்தில் அவள் என்னிடம் சொன்ன 'செரிங்க'வில் எத்தனை இப்படிப்பட்டவை என்று எண்ணிப் பார்த்தேன். அந்த வீட்டில் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் மாட்டிக்கொண்ட ஆள் நான் ஒருவன்தான் என்று இருந்தேன். அவளுக்கு என்னிடமே அந்தக் கதி.

"நாம போகலை அம்மணி" என்றேன். "அவரு போன்னுதான் சொன்னாரு. எனக்குத்தான் மனசில்ல. வேண்டாம்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்."

வாயில் இருந்து வரும் வரை அது எனக்கே தெரியாத முடிவு.

"நெசமாவாங்க?"

அப்போது அவள் முகம் மலர்ந்தது. கல்யாணத்தன்றுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை. பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். இந்த முகத்தை வாடவிட இனி என்னால் ஆகாது, ஆகவே இந்த வீட்டை விட்டு நான் ஒருநாளும் போகப்போவதில்லை என்பதும் அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துபோயிற்று.

"நெசமாத்தான்" என்றேன்.